இதர வேலைகள்

மார்ச் 4

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. இருமல்கூட இந்த மாதம் என்னை மறந்துவிட்டது. நீதான் சரியாகச் சாப்பிடுவதில்லை. போன கடிதத்தில் உன் வரிகள் எல்லாம் கீழ்நோக்கிச் சரிந்திருந்தன. வயிறு காலியாக இருந்தால் உன் எழுத்து அப்படித்தான் போகும். என்னை ஏமாற்றப் பார்க்காதே.

இங்கே ஒரு புதுச் சட்டம் வந்திருக்கிறது. உள்ளூரில் வேலை இல்லாதவர்கள் பெருகிவிட்டார்களாம். வெளியிலிருந்து வந்த எங்களை ஒரேயடியாக அனுப்பிவிட்டால் ஆஸ்பத்திரித் துணியை யார் துவைப்பது? அதனால் எங்கள் ஒவ்வொருவருக்கும் பின்னால் உள்ளூர் ஆள் ஒருவரை நிறுத்துகிறார்கள். நாங்கள் செய்வதைப் பார்த்து அவர் கற்றுக்கொள்ள வேண்டும். சலவைக்கூடத்துத் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள், நான் நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி. அவர் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கக் கூடாது.

எனக்கு வந்திருப்பவள் என் வயதுக்காரி. பஸ் நிலையத்தில் இருபது வருஷம் டிக்கெட் கொடுத்தவள். கவுண்டரை மூடி இயந்திரம் வைத்துவிட்டார்கள். இரண்டு வருஷம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாளாம். பேச்சு நம் பேச்சுதான், கொஞ்சம் இழுப்பாள். எதைச் சொல்லிக்கொடுத்தாலும் தலையாட்டிவிட்டு "அடுத்து?" என்கிறாள். கவுண்டர் பழக்கம். நான் அவளுக்குப் 'பின்னாடி' என்று பேர் வைத்துவிட்டேன். முகத்துக்கு நேரேயே கூப்பிட்டேன். "நீங்க முன்னாடி இருக்கிற வரைக்கும் எப்படி வேணா கூப்பிடுங்க" என்றாள். வாய்க்காரி. எனக்குப் பிடித்துவிட்டது.

ஒப்படைப்புத் தாள் என்று ஒன்று உண்டு. நகல் இதோடு வைத்திருக்கிறேன். என் வேலையை நாற்பது துண்டாகப் பிரித்து எண் போட்டிருக்கிறார்கள். அழுக்கைப் பிரிப்பது ஒன்று, அறுவை அறைத் துணியைத் தனியாகக் கட்டுவது இரண்டு, இப்படி. ஒன்றை அவள் கற்றுக்கொண்டதும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு அந்த வேலையை நான் தொடக் கூடாது. தாளின் அடியில் அச்சடித்தே இருக்கிறது பார். 'ஒப்படைத்த வேலையை ஒப்படைத்தவர் மீண்டும் செய்யலாகாது.' நாற்பதும் முடிந்த அன்று என் பெர்மிட்டும் முடியும்.

ஒன்பது முடிந்துவிட்டது. இந்த வேகத்தில் போனால் அடுத்த மாதமே நான் வீட்டில். சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் உன் பரீட்சை செப்டம்பரில். வேலையில் இருக்கும் ஒருவர் ஜாமீன் நின்றால்தான் லிஃப்ட் மெக்கானிக் பயிற்சியில் உனக்கு இடம் என்றாயே. வீட்டில் இருப்பதே நாம் இரண்டு பேர். எனக்கு வேலை போனால் உனக்கு என்ன ஆகும்?

துணி எண்ணும்போது நான் இன்னும் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாவு" என்றுதான் எண்ணுகிறேன். சின்ன வயதில் நாலு என்று வாய் வராமல் நீ சொன்னது என் வாயில் ஒட்டிக்கொண்டது. பின்னாடி அதையும் குறித்துக்கொள்கிறாள். அது வேலை இல்லைடி என்றால் சிரிக்கிறாள்.

சாப்பிடு.

அம்மா


மார்ச் 13

அன்புள்ள அம்மாவுக்கு,

சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். வரிகளைப் பார். நேராக இருக்கின்றன. கீழே ஸ்கேல் வைத்திருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

பயிற்சி நிலையத்தில் எங்களுக்கு லிஃப்ட் வந்துவிட்டது. பெரிய கூடத்தின் நடுவில் ஒரு இரும்புக் கூண்டு, இரண்டு மாடி உயரம். மேலே போனால் கதவு திறக்கிறது. எதிரே சுவர். அங்கே மாடியே கிடையாது. யாரோ அந்தச் சுவரில் 'வாங்க வாங்க' என்று எழுதியிருக்கிறார்கள். நாங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அதைப் பழுதாக்கி, ஒருவர் மாற்றி ஒருவர் சரிசெய்கிறோம். நான் சரிசெய்து முடித்ததும் அடுத்தவளுக்காக அதே கம்பியை நானே மறுபடி கழற்றி வைக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க உழைத்தாலும் மாலையில் லிஃப்ட் காலையில் இருந்த இடத்தில்தான் நிற்கிறது.

ஜாமீன் விதியைப் பற்றி குமாஸ்தாவிடம் கேட்டேன். "வீட்டுல ஒருத்தருக்காவது வேலை இருந்தாத்தான் வேலையில்லாதவங்களுக்கு இங்க இடம்" என்றார். சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விதி விதிதானாம். பரீட்சை செப்டம்பர் 28. அதற்கு ஒரு நாள் முன்னால் உனக்கு வேலை இல்லை என்றாலும் என் பெயரை அடித்துவிடுவார்கள். ஒன்றரை வருஷம் போய்விடும்.

நீ அனுப்பிய நகலைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன் அம்மா. நாற்பதுக்குக் கீழே ஒரு கட்டம் இருக்கிறது, கவனித்தாயா? 'இதர.' அவ்வளவுதான். எண் இல்லை, கோடு இல்லை. எண் இல்லாத இடத்தில் எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். உனக்குத் தெரிந்தது நாற்பதுதானா? நாற்பது என்று அவர்கள் சொன்னால் ஆயிற்றா? எழுது. ஒவ்வொன்றாக, மெதுவாக. பின்னாடி கற்றுக்கொண்டே இருக்கட்டும். தாள் முடியாத வரை நீ வேலையில்தான் இருக்கிறாய்.

எனக்கே என் மூளையைப் பாராட்டத் தோன்றுகிறது.

உன் மகள்


ஏப்ரல் 2

என் கெட்டிக்காரக் கண்ணுக்கு,

நடந்துவிட்டது! தொழிலாளர் அலுவலகத்து ஆள் வந்தார். தாளை மேலும் கீழும் பார்த்தார். "இதரவுல என்னம்மா எழுதியிருக்கீங்க?" என்றார். "துணியை மோந்து பார்த்து ஈரம் கண்டுபிடிக்கிறது ஐயா. மீட்டர் பொய் சொல்லும், மூக்கு சொல்லாது." பக்கத்து மேசையில் வேலை செய்தவள் துணிக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "கட்டம் இருக்கு. கட்டம் இருந்தா நிரப்பலாம்" என்று கூடுதல் தாள் ஒரு கட்டு கொடுத்துவிட்டுப் போனார்.

ஆகவே நாற்பத்தொன்று, ஈரம் மோப்பம். நாற்பத்திரண்டு, முழங்கால் வலிக்கும்போது சூப்பர்வைசருக்குத் தெரியாமல் ஒற்றைக் காலில் நிற்பது. நாற்பத்துமூன்று, அவர் கத்தும்போது முகத்தை அசைக்காமல் மனசுக்குள் திட்டுவது. அதற்குப் பின்னாடிக்கு இரண்டு நாள் ஆயிற்று. "முதல்ல திட்டவே தெரியணுமே" என்றாள். பாவம், டிக்கெட் கவுண்டரில் வாங்கித்தான் பழக்கம், கொடுத்துப் பழக்கம் இல்லை.

ஒன்றே ஒன்று. எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். இஸ்திரி ரோலரில் போர்வை விடுவதைப் போன மாதமே ஒப்படைத்துவிட்டேன். நேற்று மறதியில் ஒரு போர்வையை எடுத்துவிட்டேன். கை பாதியில் நின்றது. எந்த ஓரம் மேலே, எது கீழே என்று தெரியவில்லை. ஆறு வருஷம் செய்த வேலை. கையில் போர்வையோடு முட்டாள் மாதிரி நின்றேன். பின்னாடி கோட்டைத் தாண்டி வந்து வாங்கிக்கொண்டாள். "சட்டம் உன் கைக்கே புரிஞ்சுபோச்சு" என்றார் சூப்பர்வைசர்.

காலையில் ஈரத் துணியை முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. மூக்கடைப்பாக இருக்கும்.

அம்மா


ஏப்ரல் 16

அன்புள்ள அம்மாவுக்கு,

மூக்கடைப்புக்கு ஆவி பிடி. சும்மா விடாதே.

உன் கடிதத்தை வகுப்பில் இரண்டு பேருக்கு வாசித்துக் காட்டினேன். ஒற்றைக் கால் விஷயத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உனக்கு ரசிகைகள் உண்டு இங்கே.

இன்னும் சில யோசித்து வைத்திருக்கிறேன். தலை பின்னுவது, உன் பின்னல் நாள் முழுக்க அவிழாது, யாருக்கும் அப்படி வராது. ஊசியில் பார்க்காமலே நூல் கோப்பது. சிரிக்கும்போது கையால் வாயை மூடுவது. நாலுக்கு நாவு என்பது. கூட்டத்தில் நம் ஆளை நடையை வைத்தே கண்டுபிடிப்பது. ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள் என்றால் செப்டம்பரைத் தாண்டிவிடலாம். உன்னைப் பற்றி எனக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று எழுதும்போதுதான் பார்த்தேன். ஒரு பக்கம் நிறைந்துவிட்டது.

இங்கே இன்று லிஃப்ட் கதவு திறந்ததும் அந்தச் சுவரைக் கையால் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. அந்தப் பக்கம் யாரோ இதேபோல் கை வைத்திருக்கிற மாதிரி இருந்தது. தூக்கக் கலக்கம்.

ரோலர் விஷயம் பயம்தான் அம்மா. தொடக் கூடாது என்று அச்சடித்துப் போட்டால் யாருக்கும் கை பின்வாங்கும்.

உன் மகள்


ஜூன் 8

என் கண்ணுக்கு,

எழுத நாளாகிவிட்டது, கோபிக்காதே. எண்பத்தாறு வந்துவிட்டோம். உன் பட்டியல் முழுக்கத் தீர்ந்துவிட்டது, இப்போது நானே தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வேடிக்கை கேள். சலவைக்கூடம் முழுக்க நாவு என்றுதான் எண்ணுகிறார்கள். பின்னாடியிடமிருந்து அவள் பக்கத்து ஆளுக்கு, அங்கிருந்து வண்டி தள்ளுகிறவர்களுக்கு. நேற்று சூப்பர்வைசர் ஒலிபெருக்கியில் "நாவாம் வார்டு மூட்டை எங்கே?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது வெறும் எண்ணாகிவிட்டது. நான் மட்டும் திரும்பிப் பார்த்தேன், யார் எதைச் சொல்கிறார்கள் என்று. அவருக்கு வேண்டியது நாலாம் வார்டு மூட்டை என்று பிறகுதான் புரிந்தது. நாலு மூட்டையும் என் காலடியிலேயே இருந்தன.

தலை பின்னுவதைக் கொடுத்துவிட்டதால் காலையில் பின்னாடிதான் எனக்குப் பின்னிவிடுகிறாள். அவள் செய்தால் சட்டப்படி தப்பில்லை. வகிடு நேராக எடுக்கிறாள், என் கை மாதிரியே. கண்ணாடியில் இருவரும் ஒரே பின்னலோடு நிற்கிறோம். சிரிப்பு வந்தால் என் கை எங்கே போவது என்று தெரியாமல் தொங்குகிறது. பல் தெரியச் சிரிக்கிறேன். பின்னாடிதான் வாயை மூடிக்கொள்கிறாள்.

அவள் நல்லவள். அவளைத் தப்பாக நினைக்காதே. "இது வேண்டாம்க்கா, இதை நீங்களே வச்சுக்கோங்க" என்று இரண்டு முறை சொன்னாள். நான்தான், என் மகளுக்குப் பரீட்சை, எழுது என்றேன்.

அம்மா


ஜூன் 19

அம்மா,

நாலு என்று எழுதியிருக்கிறாய். இரண்டு இடத்தில்.

எனக்கு எழுதும்போது நீ ஒருநாளும் அப்படி எழுதியதில்லை. பள்ளிக்கூட விண்ணப்பத்தில்கூட 'நாவாம் வகுப்பு' என்று எழுதி, ஆசிரியை கேட்டு, அடித்துத் திருத்தினாய். அந்தச் சொல்லைக் கொடு என்று சொன்னவள் நான்தான். ஒரு பட்டியலின் நடுவில், விளையாட்டாக.

வந்துவிடு. போதும்.

இதற்கு அடுத்த பத்தியை எழுதாமல் விட்டுவிட நினைத்தேன். நேற்று குமாஸ்தா கூப்பிட்டார். "அம்மா இன்னும் வேலையிலதான் இருக்காங்களா?" ஆமாம் என்றேன். "செப்டம்பர் வரைக்கும்?" ஆமாம் என்றேன். கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு வீட்டுக்கு வந்து உனக்கு 'வந்துவிடு' என்று எழுதுகிறேன். இரண்டும் ஒரே கை. எது உண்மை என்று என்னைக் கேட்காதே.

ஒருவேளை வேண்டாததை மட்டும் கொடுக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லாததை. உன் கவலையைக் கொடு, வேண்டுமானால். சாப்பிட்டாயா, தூங்கினாயா, வரி ஏன் சரிகிறது, படி இறங்கும்போது பார்த்து. பிறந்ததிலிருந்து அது என் தலையில் நனைந்த போர்வை மாதிரிக் கிடக்கிறது. அதைப் பின்னாடி எடுத்துக்கொள்ளட்டும். நாம் இருவரும் கொஞ்சம் மூச்சு விடலாம்.

மற்றதைத் தொடாதே.

உன் மகள்


ஆகஸ்ட் 3

என் கண்ணுக்கு,

இது நான் எழுதும் கடைசிக் கடிதம். பதறாதே, உயிரோடுதான் இருக்கிறேன். நூற்றுப் பதினைந்து முடிந்துவிட்டது. அடுத்தது கடிதம் எழுதுவது. வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. பெட்டியைக் கவிழ்த்து உதறிப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டேன்.

இரண்டு வாரமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். தேதியை மேலே எழுது. முதலில் அவள் சாப்பிட்டாளா என்று கேள். கேட்ட பிறகு உன் சமாச்சாரம். பேனாவை அழுத்தாதே. 'ழ'வின் வாலை முடிக்காமல் விடு. வலியை எழுதாதே, எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் வேடிக்கையாக எழுது. பின்னாடி தலையாட்டுகிறாள். இப்போதெல்லாம் 'அடுத்து?' என்று கேட்பதில்லை. அவளுக்கும் பயமாக இருக்கிறது போல.

அதற்கு மேல் இரண்டுதான் மிச்சம். ஒன்று தூக்கத்தில் உன் போர்வையைச் சரிசெய்வது. தூரத்திலிருந்து அதற்கு என்ன உபயோகம். இன்னொன்று நீ சொன்னது. அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அதை எடுத்துவிட்டால் உனக்குப் பாரம் குறையும் என்றாயே. அதை நினைத்துத்தான் எழுதுகிறேன், நீ கோபத்தில் சொல்லவில்லை என்றும் நினைத்துக்கொள்கிறேன்.

உன் முகத்தை எந்தத் தாளிலும் எழுதவில்லை.

அம்மா


ஆகஸ்ட் 21

என் கண்ணுக்கு,

சாப்பிட்டாயா? வெயில் கொடுமையாக இருக்கிறதாமே உங்கள் பக்கம். கூண்டுக்குள் ஏறும்போது தண்ணீர் பாட்டிலை இடுப்பில் கட்டிக்கொள். நான் இங்கே நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் என்னோடு பேச்சுவார்த்தை நிறுத்தியிருக்கிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு மேலே போக மனம் வரவில்லை. எழுதுவது உன் அம்மா இல்லை. நூற்றுப் பதினாறு, ஆகஸ்ட் 10 அன்று கையெழுத்தாகிவிட்டது. இனிமேல் இந்த எழுத்து என் வேலை. முழங்கால் வலி என்னுடையதுதான், அது பொய்யில்லை. ஒற்றைக் காலில் நின்று நின்று வந்தது.

உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்" என்கிறார். சுகமாக இருக்கிறார். நேரத்துக்குச் சாப்பிடுகிறார். கூடத்தில் அவர் செய்வதற்கு எதுவும் இல்லை, ஆனால் பெர்மிட் இருக்கும்வரை வர வேண்டும். அதனால் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறார், எனக்கு ஒன்றரை அடி தள்ளி. நாங்கள் இடம் மாறியது எந்த நாள் என்று எனக்கே தெரியவில்லை. வேறு யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை.

நான் கேட்டு வாங்கியது எதுவும் இல்லை, கண்ணு. இரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தவளிடம் ஒருவர் வந்து இதைப் பிடி என்றால் பிடிக்கத்தான் தோன்றும். எனக்குப் பிள்ளை கிடையாது. கண்ணு என்று எழுத மட்டும் ஒரு தாள் முழுக்கப் பழகினேன்.

எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று உன் அம்மா சொல்லிக்கொடுத்த மாதிரியே போடுகிறேன்.

அம்மா


செப்டம்பர் 2

அம்மா, இது உனக்கு மட்டும்.

பின்னாடி வாசித்துக் காட்டினால் கேட்டுக்கொள். நூற்றுப் பதினேழோடு நிறுத்து. நான் பயிற்சியை விட்டுவிடுகிறேன். நாளைக்கே போய் என் பெயரை அடிக்கச் சொல்கிறேன். பரீட்சை வேண்டாம். லிஃப்ட் வேண்டாம். அது எந்த மாடிக்கும் போகவில்லை.

ஜூனில் எழுதியதை எடுத்துக்கொள்ளாதே. அது கோபம்தான். உன்மேல் இல்லை, கையெழுத்துப் போட்ட என்மேல். அந்தக் கவலை எனக்குப் பாரம் இல்லை. இருந்தாலும் அது என்னுடையது. நீ பட்டுக்கொண்டே இரு.

இதை வாசித்துக் காட்டுபவருக்கு: தயவுசெய்து நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். ஒருவர் போடாவிட்டால் ஒப்படைப்பு செல்லாது. விதியில் இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன்.

மகள்


அக்டோபர் 1

என் கண்ணுக்கு,

பரீட்சை எழுதினாயா? இருபத்தெட்டாம் தேதி முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் கடிதம் வந்து சேர்ந்தது செப்டம்பர் 14. நூற்றுப் பதினெட்டில் நாங்கள் கையெழுத்துப் போட்டது 11. மூன்று நாள். தபால்காரரை நான் திட்டிய திட்டை நீ கேட்டிருக்க வேண்டும், நாற்பத்துமூன்றாம் எண் வாய்க்கு வந்துவிட்டது.

அந்தக் கவலை எனக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். கையெழுத்துப் போட்டபோது ஒன்றும் தெரியவில்லை. உன் அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தார், மூட்டை இறக்கிவைத்தவர் மாதிரி. நான் போர்வை மடிக்கப் போனேன். பாதி மடிப்பில் திடீரென்று தோன்றியது: கூண்டுக்குள் ஏறும்போது பெல்ட் மாட்டுகிறாளா? கை ஓடவில்லை. முகமே பார்த்திராத பெண். அன்றிலிருந்து விடவில்லை. படி இறங்கும்போது, பல் தேய்க்கும்போது, எப்போதும். இத்தனை வருஷம் இதை ஒருவர் சுமந்துகொண்டே துணியும் துவைத்தார் என்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

தொழிலாளர் அலுவலகத்துக்கு இரண்டு முறை போய்விட்டேன். திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். "திரும்பப் பெறுவதற்குத் தாளில் கட்டம் இல்லையே" என்றார், கூடுதல் தாள் கொடுத்த அதே ஆள். கட்டம் போட்டுக் கொடுங்கள் என்றேன். அது அச்சகத்தின் வேலையாம்.

தாளில் அலுவலக முத்திரை விழுந்தது நேற்றுதான், அதனால் உன் அம்மாவின் பெர்மிட் உன் பரீட்சை முடியும்வரை இருந்தது. அவரை ஒன்பதாம் தேதி ரயிலில் ஏற்றிவிடுகிறேன். மறுநாள் காலை அங்கே வந்துவிடுவார். பெட்டியில் மேலே ஸ்வெட்டர் இருக்கிறது. தலையைப் பின்னித்தான் அனுப்புவேன், அவிழாது. எங்கே போகிறோம் என்று கேட்டார். உங்கள் மகளிடம் என்றேன். "அப்படியா? நல்ல பொண்ணா?" என்றார். "நல்ல பொண்ணுதான், சாப்பிடத்தான் மாட்டா" என்றேன்.

பதில் போடு. ஒரு வரி போதும். எழுதாமல் மட்டும் இருக்காதே.

அம்மா


நவம்பர் 6

அன்புள்ள

இதற்குப் பிறகு வர வேண்டிய சொல்லுக்காக மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுகிறேன்.

பரீட்சை எழுதினேன். பெயரை அடிக்கச் சொல்லப் போன அன்று குமாஸ்தாவின் அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் கூப்பிட்டபோது, பரீட்சை எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு வந்தேன். தேறிவிட்டேன். பெல்ட் மாட்டினேன்.

வேலையும் கிடைத்துவிட்டது. பன்னிரண்டு மாடிக் கட்டடம். லிஃப்ட் உண்மையாகவே பன்னிரண்டு மாடிக்கும் போகிறது. அதைப் பார்த்துக்கொள்வது வெளியிலிருந்து வந்த மெக்கானிக் ஒருவர். நான் அவருக்குப் பின்னால் நிற்கிறேன். இங்கேயும் அந்தச் சட்டம் வந்துவிட்டது. கோடு வெள்ளை நிறம். முதல் நாளே தாளில் 'இதர' கட்டத்தைப் பேனாவால் குறுக்கே அடித்தேன். மெக்கானிக்கின் முகம் வாடிவிட்டது. "ஏம்மா அடிச்சிட்டே? எங்கிட்ட நிறைய இருக்கே. என் பையன் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கு" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். ஒரு வாரமாக நாளைக்கு என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் ரயிலேற்றி அனுப்பியவர் போன மாதம் பத்தாம் தேதி காலை வந்து சேர்ந்தார். கூட்டத்தில் நான் நடந்து போனதைப் பார்த்துக்கொண்டே நின்றார், அசையவில்லை. கிட்டே போனதும் என் முகத்தைப் பார்த்து, பல் தெரியச் சிரித்தார். "உங்க முகம் எனக்குத் தெரியும்" என்றார். "போலாமா?"

நன்றாக இருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள், அம்மாவுக்குப் பத்து வயசு குறைஞ்சுபோச்சு, அந்த ஊர் தண்ணி ஒத்துக்கிச்சு என்கிறார்கள். படுத்ததும் தூங்குகிறார். நான் தாமதமாக வந்தால் ஏன் என்று கேட்பதில்லை. ஒருநாள் வேண்டுமென்றே சாப்பிடாமல் எழுந்தேன். என் தட்டில் இருந்ததையும் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, ருசியாக இருக்கிறது என்றார். நான் அடுப்பருகே நின்றால் பின்னால் வந்து நிற்கிறார். தரையில் கோடு எதுவும் இல்லை. இருந்தாலும் அளந்த மாதிரி ஒன்றரை அடி. காலையில் நான்தான் தலை பின்னிவிடுகிறேன். மதியத்துக்குள் அவிழ்ந்துவிடுகிறது.

உங்கள்மேல் கோபமாக இருக்க முயன்றேன். உங்கள் கடிதத்தை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் முதல் வரியிலேயே அது போய்விடுகிறது. கட்டத்துக்காக இனி அலைய வேண்டாம். உங்களிடம் இருப்பதை நீங்களே வைத்திருங்கள். என்னைப் பற்றிக் கவலைப்படுங்கள். யாராவது ஒருவர் பட வேண்டும், அது எனக்கு இப்போது தெரிகிறது. கடிதம் எழுதுங்கள். நான் பதில் போடுவேன்.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. காலையில் தட்டை நீட்டும்போது அவர் தயங்கித் தயங்கி, "கேக்கணும்னே இருந்தேன். உங்க பேரு என்னம்மா?" என்றார்.

சொன்னேன். ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். இன்னொரு முறை சத்தமாக.

"நல்லா இருக்கே. யாரு வச்சாங்க?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அம்மாவிடம் நான் அதைக் கேட்டதே இல்லை.

அது உங்களிடம் இருக்கிறதா?

மகள்